அகழிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்த பிறகு, ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அதைக் கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்த வேலையும் அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

அப்போது நான் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலை ஷிப்ட் செய்துகொண்டிருந்தேன். விடியற்காலை பஸ்ஸில் போய், தட்டுகளை நிரப்பி, தள்ளுவண்டிகளை வார்டுகளுக்கு அனுப்பி, திரும்பி வந்த தட்டுகளைக் கழுவக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போது என் கால்கள் வேறு யாருடையவையோ போல இருக்கும். தெற்கு லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற பகுதியில் நடத்திய கடையை அதற்கு முந்திய வருடம்தான் விட்டிருந்தோம். அதனால் சனிக்கிழமைகளில் ஸ்ட்ரெதமில் தெரிந்தவர் ஒருவரின் மரக்கறிக் கடையில் நின்றேன். எனக்கென்று இருந்தது ஞாயிறு மட்டும்தான். டொக்டர் சொன்ன நடை அந்த ஞாயிற்றில் வந்து விழுந்தது.

மிச்சத்தில் நடக்க இடம் இல்லாமல் இல்லை. வீட்டுக்குக் கிட்டவே பெரிய புல்வெளி இருக்கிறது. அதில் குளம் இருக்கிறது, வாத்துகள் இருக்கின்றன. முதலில் அங்கேதான் போனோம். குளத்தடிக்குப் போய்ச் சேருவதற்குள் பல தரம் நின்றோம். அவருக்கு மூச்சு வாங்கியதால் அல்ல, எங்கள் ஆட்களால். கடைக்கு வந்து போனவர்கள், கோயிலில் கண்டவர்கள், யாருடையவோ கலியாணத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர்கள். எத்தனை அடைப்பு என்று ஒருவர் கேட்டார். தன்னுடைய மச்சானுக்கும் இதே ஒப்பரேஷன் செய்ததையும், அந்த மச்சான் பிறகு என்ன ஆனார் என்பதையும் இன்னொருவர் விளக்கமாகச் சொன்னார். கடையை இப்போது எடுத்திருக்கிற பெடியன் நன்றாக நடத்துகிறான் என்று மூன்றாமவர் சொன்னார். கணவர் எல்லாருக்கும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபடி சொன்னார்.

"இனி உந்தப் பக்கம் நான் வரமாட்டன். சனம் என்னைச் செத்தவீட்டில பாக்கிற மாதிரிப் பாக்குது."

அதன் பிறகு அவர் சோபாவை விட்டு அசையவில்லை. தொலைக்காட்சி ஓடும், சத்தம் இருக்காது. கடையில் நின்ற காலத்தில் வாயோயாமல் கதைத்த மனிதர். பால் வாங்க வருகிற வெள்ளைக்காரக் கிழவரைக் கூட அரைமணி நேரம் மறித்து வைத்துக் கதைப்பார். இப்போது, தேநீர் வேண்டுமா என்று கேட்டால் கையை மட்டும் அசைப்பார். நான் சமைத்தேன், மாத்திரைகளைப் பிரித்து வைத்தேன், அவருடைய காயத்தைப் பார்த்தேன், வேலைக்குப் போனேன்.

ஹரோவில் இருக்கும் மகள், சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டுக் காருக்குள் இருந்து, கடையில் நிற்கும் எனக்கு போன் எடுப்பாள். தமிழ் ஆட்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் போங்கள் என்று அவள்தான் சொன்னாள். தெற்கே ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சரேயின் குன்றுகள் வந்துவிடும், அங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது என்றாள். நடைபாதை ஒன்றின் வரைபடத்தைப் போனுக்கு அனுப்பினாள். அந்தப் பாதையின் முடிவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"பழைய காலத்து அகழி அம்மா. காஸில் மாதிரி. ஆனா காஸில் இல்லை."

ட்ராமில் க்ரொய்டனுக்கும், அங்கிருந்து ரயிலிலும் போனோம். ரயில் நிலையத்திலிருந்து ஒரு சின்ன பஸ். அது தேவாலயம் ஒன்றின் முன்னால் எங்களை இறக்கிவிட்டுக் காலியாகப் போனது. மாசி மாதம். மழை இல்லை, ஆனால் எல்லாம் நனைந்துதான் இருந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் தொடங்கிய ஒழுங்கை, ஒரு ஒடுங்கிய மண்பாதை, முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. போகப் போக இரண்டு பக்கமும் நிலம் உயர்ந்துகொண்டே போனது. சற்று நேரத்தில் மண்சுவர்கள் எங்கள் தலைக்கு மேலே போய்விட்டன. மேலே நின்ற பெரிய மரங்களின் வேர்கள் சுவரிலிருந்து வெளியே வந்து, திரும்பவும் மண்ணுக்குள் புகுந்திருந்தன. பாசி, பன்னச் செடிகள், ஈர மணல். வயல் எங்கோ மேலே இருந்தது. நாங்கள் நிலத்துக்குள் நடந்துகொண்டிருந்தோம்.

கணவர் நின்றுவிட்டார்.

நெஞ்சு நோகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். மரங்களைப் பார்க்கவில்லை, மரங்களுக்கு இடையில் தெரிந்த வானத்தைப் பார்த்தார். எனக்கு விளங்கியது. இரண்டு பக்கமும் மண் உயர்ந்து மேலே ஒரு கீற்று வானம் தெரிந்தால், சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்குள் கிடந்த எங்கள் வயது ஆட்கள் வானத்தில் எதைக் கேட்க நிற்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கதையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. பிரான்ஸில் ஒரு தரமும் இங்கே ஒரு தரமும் அகதி விண்ணப்பம் பார்க்கும் அதிகாரிகளுக்கு முன்னால் அதை இருவரும் சொல்லியிருக்கிறோம். மொழிபெயர்ப்பாளர் வசனம் வசனமாக மாற்றிச் சொல்ல, அவர்கள் எழுத, முன்னுக்குப் பின் முரணில்லாமல் திரும்பவும் சொல்லச் சொல்ல, அது எங்களுக்கே வேறு யாரோ பாடமாக்கிய கதையாகிவிட்டது. பள்ளம் ஒன்றைக் கண்டால் அதைப் பள்ளமாக மட்டும் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இப்போது இருக்கிற ஆசை.

"திரும்புவமே?" என்று கேட்டேன்.

பஸ் திரும்பி வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கிறது என்று அவர் சொன்னார். பிறகு என்னுடைய கோட்டின் முழங்கைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படியே மெதுவாக நடந்து மறுபக்கம் வந்தோம்.

மறுபக்கத்தில் இருந்தது ஒரு வயல், கொஞ்சம் செம்மறிகள். முதலில் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்தது இதற்கா என்று மகள்மேல் கோபம் வந்தது. பிறகு வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அந்தச் சரிந்த வெளிச்சத்தில் புல்லுக்குக் கீழே ஏதோ எழும்பி வந்தது போல மேடுகளும் பள்ளங்களும் தெரிந்தன. பெரிய சதுரமாக, நாலு பக்கமும் அகலமான பள்ளம். நடுவில் வீட்டுக்காணி அளவில் உயர்ந்த தரை. பள்ளத்தில் ஒரு மூலையில் மட்டும் கோரைப்புல்லும் கறுத்த தண்ணீரும். மற்றப் பக்கங்கள் காய்ந்து புல் மூடிக் கிடந்தன. வேலியோரம் ஒரு பலகை இருந்தது. கணவர் அதை விரல் வைத்து வாசித்தார். பல நூறு வருடங்களுக்கு முன் இங்கே ஒரு வசதியான குடும்பம் மரத்தால் வீடு கட்டி இருந்ததாம். வீட்டைச் சுற்றி அகழி வெட்டித் தண்ணீர் விட்டிருந்தார்களாம். சண்டைக்கென்று அல்ல, மீன் வளர்க்கவும், தாங்கள் பெரிய மனிதர்கள் என்று அயலுக்குக் காட்டவும்தான் இப்படி வெட்டுவது வழக்கமாம்.

"வீட்டைச் சுத்தித் தண்ணியை விட்டுப்போட்டு உள்ளுக்கை இருந்திருக்கிறாங்கள்," என்றார் கணவர். கொஞ்சம் பொறுத்து, "தண்ணி எங்கையிருந்து வந்தது?" என்றார்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

லண்டனுக்கு வருவதற்கு முதல் அவர் பாரிஸின் புறநகர்களில் தெருவைக் கிண்டிக் குழாய் பதிக்கும் வேலை செய்தவர். கடையை விட அந்த வேலையைத்தான் அவர் பெருமையாகச் சொல்வார். மட்டக்கோல் வைப்பதற்கு முதலே தன் கண் சரிவைச் சொல்லிவிடும் என்பார். அன்று அகழியைச் சுற்றி நடந்தார். ஒரு மூலையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். குச்சி ஒன்றை எடுத்து மண்ணில் கீறினார். நான் நடுத்தரையில் பிளாஸ்டிக் பையை விரித்து இருந்து, தோடம்பழம் உரித்தேன். குளிர் கீழேயிருந்து ஏறியது. நாளைக்கு விடிய எழும்ப வேண்டும் என்ற யோசனை மேலேயிருந்து இறங்கியது. அவர் கதைத்துக்கொண்டிருந்தார். பாதி என் காதில் விழவில்லை, ஆனால் கதைத்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். எனக்கு அது நடையல்ல, இன்னொரு ஷிப்ட். காலையில் எழும்பிச் சாண்ட்விச் செய்து, பிளாஸ்க்கில் தேநீர் ஊற்றி, அவருடைய மாத்திரைகளை எடுத்து, இரண்டு சோடி காலுறை மேலதிகமாக வைத்து, ட்ராம், ரயில், பஸ். என் முழங்கால்கள் அந்த வருடம் மோசமாகியிருந்தன. கைப்பையில் எப்போதும் வலிமாத்திரை வைத்திருந்தேன். காலையில் போட்டு, மத்தியானமும் போட்டுக்கொண்டு நின்றால் சமாளிக்க ஏலும். ஆனால் ரயிலில் அவர் கதைத்தார், வழி நெடுகக் கதைத்தார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனி முடிவதற்குள் அவரிடம் ஒரு முடிவு இருந்தது. அந்தப் பள்ள ஒழுங்கை உண்மையில் பாதை இல்லை, வாய்க்கால் என்றார். குன்றிலிருந்து அகழிக்குத் தண்ணீர் கொண்டுவர வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் நின்ற பிறகுதான் சனம் அதற்குள் நடக்கத் தொடங்கியது. சரிவைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். எனக்கு அதுவும் சரி, இதுவும் சரி.

அங்கே அடிக்கடி ஒரு ஆங்கிலப் பெண்ணைக் காண்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நரைமுடியைக் கட்டையாக வெட்டி, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துப் போட்டு, ஒரு கறுப்பு நாயுடன் வருவார். அந்த வயலைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க்குழு ஒன்றில் இருந்தார். முட்பற்றைகளை வெட்டுவது, பலகையைத் துடைப்பது எல்லாம் அவர்கள்தான். ஒரு ஞாயிறு கணவர் அவரிடம் தன் முடிவைச் சொல்லத் துணிந்தார். கடை ஆங்கிலம் அதற்குப் போதவில்லை. சொல் வராத இடங்களில் என் முகத்தைப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

பிறகு, மிகவும் பக்குவமாக, அது அப்படியில்லை என்றார். ஒழுங்கையை ஒருவரும் வெட்டவில்லை. குன்றில் இருந்த ஊருக்கும் கீழே இருந்த சந்தைக்கும் இடையில் மனிதரும் மாடும் வண்டியும் நூற்றாண்டுக் கணக்காகப் போய் வந்ததில் மண் தேய்ந்தது. தேய்ந்த மண்ணை மழை கொண்டுபோனது. நடந்து நடந்தே அவ்வளவு பள்ளமாகிவிட்டது. அகழிக்குத் தண்ணீர் வந்தது மேல்மூலையில் மரங்களுக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து. ஒழுங்கை வயலுக்குள் திறக்கும் இடத்துக்கு எங்களைக் கூட்டிப்போய்த் தடியால் காட்டினார். ஒழுங்கையின் தரை அகழியின் தரையைவிடத் தாழ்வாக இருந்தது. வயலின் சரிவு கண்ணை ஏமாற்றுகிறது, தானும் முதலில் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை என்று நினைக்கிறேன்.

நடந்து நடந்தே பள்ளமானது என்று அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. கணவருக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. "ஓகே, ஓகே," என்று சொல்லிச் சிரித்தார். புல்வெளியில் எங்கள் ஆட்களுக்குச் சிரித்த அதே சிரிப்பு.

ரயிலில், யன்னலைப் பார்த்தபடி சொன்னார். "எத்தினை வருசம் மட்டம் பாத்த கண். இப்ப அதுவும் போச்சு."

யாருடையவோ வயலில் இருக்கிற பள்ளம், அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று நான் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார்.

அடுத்த ஞாயிறு மழை என்றார். அதற்கடுத்த ஞாயிறு வெயில் எறித்தது. தனக்கு ஏலாது என்றார். சித்திரை முழுக்கச் சோபாதான். சத்தமில்லாத தொலைக்காட்சி திரும்ப வந்தது. இனி ஞாயிறுகளில் நான் படுக்கலாம் என்று பார்த்தால், அதுவும் நடக்கவில்லை. வீட்டில் அவர் விழித்திருக்கும்போது கட்டிலில் கிடக்க எனக்குத் தெரியாது. படுத்தால், எழும்பித் துணி தோய்க்கப் போடலாம் என்று தோன்றும். அவருடைய இருமல் கேட்டால் கண் திறந்துவிடும்.

வைகாசியில் ஒரு ஞாயிறு, காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுக் கோட்டை எடுத்தேன்.

"இண்டைக்கு நான் தனியப் போறன்," என்றேன்.

"எங்கை?"

"அங்கைதான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். பிரிட்ஜில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ட்ராமில் ஏறிய பிறகுதான் பிளாஸ்க் கொண்டுவரவில்லை என்பது தெரிந்தது. சாண்ட்விச்சும் இல்லை. கையில் கைப்பை மட்டும். அது ஒரு விதமான விடுமுறையாக இருந்தது. ஒழுங்கைக்குள் இறங்கியபோது பீச் மர இலைகள் புதிதாக வந்து, உள்ளே எல்லாம் பச்சை வெளிச்சமாக இருந்தது. என் பாட்டுக்கு விரைவாக நடக்கலாம் என்று நினைத்தேன். நடக்க முடியவில்லை. இடையில் இரண்டு தரம் மண்சுவரில் கையை ஊன்றி நின்றேன். மாசியில் அவரை இழுத்துக்கொண்டு வந்த வழி இது, அப்போது எனக்கு மூச்சு வாங்கவில்லையே என்று யோசித்தேன். அந்த யோசனையையும் தொடர்ந்து யோசிக்கக் களைப்பாக இருந்தது.

வயலில் ஒருவரும் இல்லை. மேட்டில் காற்று அடித்தது. அகழியின் காய்ந்த பக்கத்தில் இறங்கினேன். இறங்கியதும் காற்று நின்றது. சரிவில் புல் சூடாக இருந்தது. மழைக்கோட்டை விரித்து, கைப்பையைத் தலைக்கு வைத்துச் சும்மா கொஞ்சம் சாய்ந்தேன். என்னை யாரும் பார்க்க முடியாது, யாரும் கூப்பிட முடியாது. செம்மறி ஒன்று எங்கேயோ புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

விழித்தபோது என் முகத்தில் ஈரமான எதுவோ பட்டது. நாயின் மூக்கு. ஒரு கை என் கழுத்தில் இருந்தது. ஒரு பெண் குரல் யாருக்கோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது: மூச்சு இருக்கிறது, ஆனால் எவ்வளவு கூப்பிட்டும் எழும்பவில்லை, முகம் வெளிறிப்போயிருக்கிறது. யாரோ பாவம் என்று நினைத்தேன். பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

நித்திரைதான், ஒன்றுமில்லை என்று சொன்னேன். ரப்பர் சப்பாத்துப் பெண் போனைக் காதில் வைத்தபடியே, இன்று என்ன கிழமை என்று கேட்டார். ஞாயிறு, நாளைக்குக் காலை ஷிப்ட் என்றேன். எழும்ப முடிகிறதா என்று கேட்டார். எழும்பினேன். வயல் ஒரு பக்கமாகச் சரிந்தது. திரும்ப இருந்துவிட்டேன். அம்புலன்ஸ் வேண்டாம் என்று நான் கெஞ்சியதை அவர் கேட்கவில்லை.

வாகனம் தேவாலயத்தடி வரைக்கும்தான் வரும். சீருடை போட்ட ஒரு பெண்ணும் ஒரு ஆணும் முதுகில் பெரிய பைகளுடன் ஒழுங்கையால் நடந்து வந்தார்கள். அவர்களுடைய சப்பாத்து முழுவதும் சேறு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விரலில் குத்தினார்கள், கையில் பட்டியைக் கட்டினார்கள், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். சீருடைப் பெண் என்னிடம், எப்போதிலிருந்து இந்தக் களைப்பு என்று கேட்டாள். நான் யோசித்தேன். பிரான்ஸிலிருந்து என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்ச நாளாக என்றேன்.

உடனே ஆபத்து இல்லை, ஆனால் நாளைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும், தனியாக வீட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள். என் போனில் கணவருடைய நம்பரை எடுத்துக் கொடுத்தேன். அவர் வருகிறாராம் என்றார்கள். அவரால் வர முடியாது, ஒப்பரேஷன் செய்த மனிதர், இதுவரை எங்கேயும் தனியாகப் போகவில்லை என்று நான் சொன்னேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு ரப்பர் சப்பாத்துப் பெண் என்னுடன் இருந்தார். தன்னுடைய பிளாஸ்க்கிலிருந்து பால் விடாத கோப்பி தந்தார். என்னிடம் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. நான்தான் ஏதாவது கதைக்க வேண்டும் என்று, இந்த வீட்டில் இருந்தவர்கள் ஏன் விட்டுப் போனார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்றார். நிலம் ஈரமாகி இருக்க முடியாமல் போயிருக்கலாம், வாரிசு இல்லாமல் போயிருக்கலாம். நல்ல மரங்களையெல்லாம் கழற்றிக் கொண்டுபோய் வேறெங்கோ வீடு கட்டியிருப்பார்கள் என்றார். அவர்களுக்கு என்ன கெட்டது நடந்தது என்று நான் கேட்டேன். கெட்டது நடந்திருக்கத்தான் வேண்டும் என்றில்லை, சிலர் சும்மாவும் இடம் மாறுவார்கள்தானே என்றார். சும்மா இடம் மாறுவதைப் பற்றி நான் அதுவரை யோசித்துப் பார்த்ததில்லை.

வெயில் சரியத் தொடங்கியபோது கணவர் ஒழுங்கையின் வாயிலிருந்து வெளியே வந்தார். வீட்டில் போடும் கம்பளிச் சட்டை. கால்சட்டையின் அடி முழுவதும் சேறு. நின்று, நெஞ்சில் கையை வைத்து, மூச்சு எடுத்து, எங்களைக் கண்டுபிடித்து, திரும்பவும் நடந்தார். நான் எழும்பவில்லை. எழும்பினால் விழுந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"என்ன செய்யிறீர் இஞ்சை?" என்றார்.

"நித்திரை கொண்டனான்."

"வீட்டில கட்டில் இருக்கு."

"கட்டிலில நித்திரை வரேல்லை."

அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அந்தப் பெண் எழும்பி, நாய்க்குத் தடி எறிவதற்காகத் தூரப் போனார். கணவர் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"என்னத்தை?"

"களைப்பெண்டு."

"நீங்கள் கேக்கேல்லையே," என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் ஒன்றும் இருக்கவில்லை. அவர் என்னுடைய கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

இரண்டு பேருமாக என்னைப் பிடித்து ஒழுங்கையால் மெதுவாகத் தேவாலயத்தடிக்கு நடத்தி வந்தார்கள். அங்கிருந்து அந்தப் பெண் தன் காரில் எங்களை ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். ரயிலில்தான் எனக்கு நினைவு வந்து, ஒழுங்கையால் எப்படித் தனியாக வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நடந்துதான்."

"பயமா இருக்கேல்லையோ?"

"இருந்தது. எண்டாலும் அதைப் பாத்துக்கொண்டு நிக்க நேரமில்லை," என்றார்.

இரத்தத்தில் இரும்பு மிகவும் கீழே போயிருந்தது. பிறகு தொண்டையால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் போட்டுப் போட்டு வந்த வலிமாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. இவ்வளவு நாள் எப்படி வேலை செய்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். மகள் ஹரோவிலிருந்து வந்து அழுதாள், பிறகு சத்தம் போட்டாள், பிறகு பிரிட்ஜ் நிறைய வாங்கி வைத்துவிட்டுப் போனாள். நான் சில கிழமைகள் வேலைக்குப் போகவில்லை. ஸ்ட்ரெதம் கடையை விட்டேன். கணவர் சமைக்கத் தொடங்கினார். பருப்பில் ஒரு நாள் உப்பு இருக்காது, மற்ற நாள் இரண்டு தரம் இருக்கும். அவர் அடுப்படியில் கோப்பைகளை உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, எழும்பிப் போகாமல் கிடப்பதுதான் எனக்குப் பழகக் கஷ்டமாக இருந்தது. இரும்பு மாத்திரையை விடக் கஷ்டம்.

ஆனியில் ஒரு ஞாயிறு, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு பெட்டி வடை வாங்கிக்கொண்டு அவர் தனியாகப் போனார். பின்னேரம் கையெல்லாம் முள் கீறி வந்தார். ஊர்க்குழு அன்று பற்றை வெட்டிக்கொண்டிருந்ததாம், சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லையாம். மேல்மூலை ஊற்றைக் காட்டினார்களாம். அடைத்துக் கிடக்கிறது, ஆனால் கையை வைத்தால் குளிர் வருகிறது என்றார். அடுத்த ஞாயிறும் போனார். நான் படுத்துக் கிடந்தேன். வீட்டில் ஒருவருமில்லாத ஞாயிறு எப்படி இருக்கும் என்பதை அந்தக் கோடையில்தான் தெரிந்துகொண்டேன். அப்படியும் எல்லா நாளும் நித்திரை வரவில்லை. சில நாள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அதுவும் போதுமாக இருந்தது.

ஐப்பசியில், குழுவினர் என்னை விசாரித்தார்களாம் என்று சொல்லி ஒரு தரம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வேலை செய்ய வேண்டாம், வந்து இரும் என்றார். தூறிக்கொண்டிருந்தது. ஒழுங்கையால் நடக்க எனக்கு இன்னும் தெம்பில்லை என்று அந்தப் பெண் வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் வயல்காரரின் பாதையைத் திறப்பித்து, அதனால் காரைக் கொண்டுவந்து வயலின் வாசலில் நிறுத்தி, ஹீட்டரைப் போட்டு, நாயைப் பின்னால் ஏற்றிவிட்டு இறங்கிப் போனார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. அதற்கு அப்பால் மழைச்சட்டை போட்ட அஞ்சாறு பேர், எல்லாரும் வயதானவர்கள், அகழியின் கரையில் நின்றார்கள். வெட்டிய முள்ளை எங்கே குவிப்பது என்பதில் கணவருக்கும் ஒரு உயரமான மனிதருக்கும் வாதம் நடந்தது. சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கையைக் காட்டிக் காட்டி அவர் கதைப்பது மட்டும் தெரிந்தது. கடையில் நின்ற காலத்துக் கை அது. சொல் வராமல் நின்று, பிறகு ஏதோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார். ஒரு தரம் கூட என்னைத் தேடிக் காரின் பக்கம் பார்க்கவில்லை.

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பின்சீற்றில் நனைந்த நாய் பெருமூச்சு விட்டுச் சுருண்டு படுத்தது. கடைசியில் அந்த உயரமான மனிதர் சொன்ன இடத்தில்தான் முள்ளைக் குவித்தார்கள். கணவர் தோளைக் குலுக்கிவிட்டுத் தானும் ஒரு கட்டு முள்ளை இழுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனார்.